கணையாழி என்னும் சாட்சி

முத்திரை மோதிரத்துக்குத் தமிழில் கணையாழி என்று பெயர். 1940-இல் வந்த ‘சகுந்தலை’ படக் கதையே இதில்தான் நிற்கிறது. எம்.எஸ்.சுப்புலட்சுமி சகுந்தலை, ஜி.என்.பாலசுப்பிரமணியம் துஷ்யந்தன். இயக்கிய எல்லிஸ் ஆர்.டங்கன்தான் பிறகு நம்ம சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் ‘பொன்முடி’ (1950) எடுத்தவர். சாபத்தால் மறந்த ராஜா, மனைவி சொல்லை நம்பவில்லை. மீன் வயிற்று மோதிரத்தைப் பார்த்துத்தான் நம்புகிறான். சாபமே ஆனாலும் எனக்குக் கோபம்தான்!

1987-இல் தொடங்கிய தூர்தர்ஷன் ராமாயணத்திலும் அனுமனை சீதை நம்பக் கணையாழி வேண்டியிருந்தது.

முத்திரையில் எழுத்தை இடம்வலம் மாற்றிப் பள்ளமாக வெட்டுவார்கள். அரக்கில் நேராக, மேடாக விழும். மோல்டில் பள்ளம் இருந்தால் வார்ப்பில் மேடு வருமே, அதே கணக்கு. கரூர் அமராவதி ஆற்றில் தமிழ் பிராமி எழுத்துள்ள பழைய மோதிரங்களே கிடைத்திருக்கின்றன.

மோதிரம் இல்லாதவர்களுக்கு? எங்க அப்பா பத்திரத்தில் வைப்பது கைநாட்டு. அதிலும் ரேகை இடம்வலம் மாறித்தான் விழுகிறது.