பிறர் விட்ட புகை

புகைபிடித்தலைப் பற்றிப் பேசும்போது ஆண்களை மட்டுமே நினைப்பது நம் வழக்கம். 2016-17ஆம் ஆண்டில் நாடெங்கும் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பும் அதற்கேற்பவே அமைந்துள்ளது. வயதுவந்தோரில் ஆண்கள் 100 பேருக்கு 19 பேரும் பெண்கள் 100 பேருக்கு 2 பேருமே புகைபிடித்தனர். ஆயினும், பெண்களுக்கு இதனால் தொல்லை இல்லை என்று எண்ணிவிடலாகாது. புகையிலையை மெல்லுதல் முதலிய வழிகளில் பயன்படுத்தும் பெண்கள் 100 பேருக்கு ஏறக்குறைய 13 பேர். வெற்றிலையோடு சேர்த்து உண்பதால் பலர் அதனைத் தீய பழக்கமாகவே கருதுவதில்லை. அன்றியும், தந்தை வீட்டினுள் பிடிக்கும் பீடியின் புகையில் தாய்க்கும் கைக்குழந்தைக்கும் பங்கு உண்டு. அவர்கள் அதைக் கேட்டுப் பெற்றவர் அல்லர்.

2003ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்க்குப் புகையிலைப் பொருள்களை விற்பதைத் தடை செய்தது. கல்வி நிலையங்களைச் சுற்றி 100 கெஜ எல்லைக்குள் எவருக்குமே விற்றல் கூடாது. பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடுக்கும் திருத்திய விதிகள் 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்தன. 2017ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வுக் கொள்கை, புகையிலைப் பயன்பாட்டை 2025க்குள் 30 விழுக்காடு குறைக்க இலக்கு வகுத்தது.

புகையிலைப் பெட்டியின் முகப்பில் 85 விழுக்காடு இடத்தை எச்சரிக்கைப் படமும் வாசகமும் நிரப்ப வேண்டும் என்பதும் விதி. எழுத்தறியாதவரும் படத்தைக் கண்டு உணர்வர் அன்றோ? ஆனால் பெட்டக்கடையில் சிகரெட்டை ஒன்றொன்றாக வாங்குபவர் அப்படத்தைக் காண்பதே இல்லை. ஒற்றைச் சிகரெட்டின் விலை சிறுவனின் கைக்காசுக்கும் எட்டிவிடுகிறது. சட்டத்தின் கண்ணுக்கு எளிதில் தப்பும் இடம் இதுவே.

வீட்டின் கதவுக்குள்ளும் சட்டம் நுழைவதில்லை. அங்கே பேசவேண்டியவர் வீட்டாரே. பழக்கத்தை விட விரும்புவோர்க்கு அரசு 1800-11-2356 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை அமைத்து, அதனைப் பெட்டிகளின் மீதே அச்சிடச் செய்துள்ளது.

சொற்பொருள்: நலவாழ்வு – உடல், உள்ள நலம், விழுக்காடு – சதவீதம், கெஜம் – மூன்றடி நீளம்.

பயிற்சி

1. எச்சரிக்கைப் படத்தின் பயன் எவ்வாறு குறைந்துவிடுகிறது?

2. ‘அல்லர்’ என்னும் சொல்லை அமைத்து ஒரு தொடர் எழுதுக.

3. உம் பள்ளி வாயிலில் உள்ள புகையிலைத் தடை அறிவிப்பைத் தமிழில் எழுதி, வீட்டில் படித்துக் காட்டுக.