டீக் கறைக்கு ஒயிட்னிங் பேஸ்ட் போதுமா?

கேள்வி: எனக்கு டீப் பழக்கம் அதிகம். ஒயிட்னிங் பேஸ்ட் போட ஆரம்பித்த பிறகு முன்பற்கள் கொஞ்சம் தெளிந்திருக்கின்றன. ஆனால், கீழ்ப்பற்களின் உள்பக்கக் கறை அசையவில்லை. தருமபுரியில் வளர்ந்த என் மனைவிக்குச் சிறு வயதிலிருந்தே பற்களில் பழுப்புத் திட்டுகள். அவருக்குத் துளியும் பலனில்லை. வேறு பேஸ்ட் வாங்கலாமா?
– வாசகர், சேலம்

பதில்: எந்த பேஸ்ட் வாங்கினாலும் இதே கதைதான். ஒரே வீட்டில் மூன்று விதக் கறைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுதான் பேஸ்ட்டுக்குக் கட்டுப்படும்.

பல் துலக்கிய சில நிமிடங்களிலேயே எச்சிலின் புரதங்கள் பல்மீது மெல்லிய படலமாகப் படிந்துவிடும். டீ, காபியின் டானினும், வெற்றிலை, புகையிலையின் சாயமும் வந்து ஒட்டுவது இந்தப் படலத்தில்தான். பேஸ்ட்டில் இருக்கும் சிலிக்கா, கால்சியம் கார்பனேட் துகள்கள் அதைத் தேய்த்து எடுக்கின்றன. சிலவற்றில் சேர்க்கும் பாஸ்பேட் உப்புகள் புதுக் கறை ஒட்டாமல் ஓரளவு தடுக்கின்றன. முன்பற்கள் தெளிந்தது இதனால்தான்.

கீழ்ப்பற்களின் உள்பக்கம் வேறு விஷயம். நாக்குக்கு அடியில் எச்சில் சுரப்பியின் வாய் இருப்பதால், அங்கே கால்சியம் படிந்து காரை கட்டும். டீக் கறை அந்தக் காரையின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இறுகிய காரையை எந்த பேஸ்ட்டும் எடுக்காது, ஸ்கேலிங்தான் வழி. அதற்குப் பிறகு பேஸ்ட்டைத் தொடர்ந்தால், மீண்டும் கறை ஏறுவது தாமதப்படும்.

மனைவிக்கு இருப்பது பெரும்பாலும் ஃபுளோரோசிஸாக, அதாவது ஃபுளோரைடு மிகுந்த நீரைக் குடித்ததால் வந்த கறையாக இருக்கும். குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை அனுமதி உண்டு. தருமபுரி வட்டாரத்தின் நிலத்தடி நீரில் பல இடங்களில் இதைவிடக் கூடுதல். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஃபுளோரோசிஸ் கறை பல் உருவாகும் வயதிலேயே எனாமலுக்குள் அமைந்துவிட்ட நிறம், மேலே தேய்த்தால் போகாது. பிளீச்சிங், மைக்ரோ அப்ரேஷன், வெனீர் ஆகியவற்றில் எது பொருந்தும் என்பதைப் பல் மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

‘ஒரே தடவையில் வெண்மை’ என்று விற்கும் சில பேஸ்ட்களில் நீல நிறமி இருக்கிறது. வெள்ளை வேட்டிக்குச் சொட்டு நீலம் போடும் அதே உத்திதான்: மஞ்சள் கண்ணுக்குத் தெரியாது, கறை இருந்த இடத்திலேயே இருக்கும்.

கரித்தூள், உப்பு என்று அழுத்தித் தேய்ப்பது ஆபத்து. தேய்ந்த எனாமல் மறுபடி வளராது. அடியிலுள்ள டென்டின் மஞ்சள் நிறம் என்பதால், பல் முன்னைவிட மஞ்சளாகத்தான் தெரியும். மென்மையான பிரஷ், பட்டாணி அளவு பேஸ்ட், டீ குடித்ததும் வாய் கொப்பளிப்பது ஆகியவை போதும். பல் கூசினால் ஒயிட்னிங் பேஸ்ட்டை நிறுத்திவிடலாம். குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷை நாள்கணக்கில் பயன்படுத்தினாலும் பழுப்புக் கறை வரும் என்பதால், அந்தப் பழக்கம் இருந்தால் ஸ்கேலிங்குக்குப் போகும்போதே மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது.