மாவு கிரைண்டர் அமெரிக்கா போகலாமா?

ஆதம்பாக்கத்துக்கு மிக அருகில்தான் மீனம்பாக்கம் விமான நிலையம். மகனையோ மகளையோ பார்க்க அமெரிக்கா செல்லும் பெற்றோரின் பெட்டியில் ஊறுகாய், அப்பளத்தோடு மேசைமேல் வைக்கும் சிறிய மாவு கிரைண்டரும் இடம் பெறுவதுண்டு. அது அங்கே ஒழுங்காக ஓடுமா?

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சிங்கப்பூரிலும் அதே அளவுதான். பிளக்கின் வடிவம் மட்டும் வேறு. அங்கே மாற்றுப் பிளக் போதும். அமெரிக்காவிலோ 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். மாற்றுப் பிளக் வடிவத்தைத்தான் மாற்றும், மின்னழுத்தத்தை மாற்றாது.

முதலில் இஸ்திரிப் பெட்டியைப் பார்ப்போம். மின்திறன் = (மின்னழுத்தம்)² ÷ மின்தடை. எனவே இங்கே 1000 வாட் எடுக்கும் பெட்டி, அங்கே சுமார் 270 வாட்தான் எடுக்கும். துணியின் சுருக்கம் போகாது, அவ்வளவுதான்.

கிரைண்டரின் கதை வேறு. அதிலுள்ள தூண்டல் மோட்டாரின் முறுக்குவிசையும் ஏறத்தாழ கால் பங்காகிவிடும். அரிசியின் சுமை தாங்காமல் மோட்டார் நின்றுவிடலாம். சுழலாத மோட்டாரின் கம்பிச்சுருளில் வழக்கத்தைவிட அதிக மின்னோட்டம் பாயும், சுருள் கருகிப்போகும். குறைந்த மின்னழுத்தமும் கெடுதல் செய்யும் என்பதைக் கவனியுங்கள்.

மின்மாற்றி வைத்து 120 வோல்ட்டை 230 ஆக உயர்த்தினால்? மின்னழுத்தம் சரியாகிவிடும். ஆனால் மின்மாற்றி அதிர்வெண்ணை மாற்றாது. தூண்டல் மோட்டாரின் வேகம் அதிர்வெண்ணைப் பொறுத்தது. 60 ÷ 50 = 1.2, ஆகவே கல் ஏறக்குறைய 20 விழுக்காடு வேகமாகச் சுற்றும். அந்நாட்டு மின்சாரத்துக்கென்றே செய்த கிரைண்டரை வாங்குவதுதான் நல்லது.

மடிக்கணினிக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் சார்ஜர் எந்த மாறுமின்னோட்டத்தையும் முதலில் நேர்மின்னோட்டமாக்கி, பிறகு தேவையான அளவுக்குக் குறைத்துத் தருகிறது. அதனால்தான் அதன் மேல் '100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்று அச்சிட்டிருக்கிறார்கள்.

பவர் பேங்க் கொண்டு போனால் அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். லித்தியம் மின்கலம் தீப்பற்றினால், சரக்கு அறையில் உடனே அணைக்க ஆள் இருக்காது.

உங்களுக்கு ஒரு கணக்கு: அமெரிக்காவில் 120 வோல்ட்டில் 1200 வாட் எடுக்கும் முடி உலர்த்தியை நம் 230 வோல்ட்டில் செருகினால், அந்தக் கணத்தில் எத்தனை வாட் எடுக்கும்? மின்தடை மாறவில்லை என்று கொள்க. விடை கிடைத்ததும், அது ஏன் கருகுகிறது என்பது உங்களுக்கே விளங்கும். வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவியின் பின்புறத்தையும் இன்றே படித்துப் பாருங்கள்!