இத்தாலியக் கோழி சூப்

சூப் என்றதும் அது நோயாளிக்குரிய உணவு என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். இத்தாலியக் குடும்பங்களிலோ, கோழி சூப் வீட்டார் அனைவரும் வயிறார உண்ணும் உணவாகும். அதைச் செய்யும் முறையை இங்குக் காண்போம்.

தேவையானவை: எலும்புடன் கூடிய கோழி 1 கிலோ, தண்ணீர் 3 லிட்டர், வெங்காயம், காரட் ஆகியவற்றில் 2, செலரித் தண்டு 1, ஆலிவ் எண்ணெய் 2 மேசைக்கரண்டி, சிறு பாஸ்தா 150 கிராம், உப்பு, மிளகு.

கோழியைக் குளிர்ந்த நீரில் இட்டே அடுப்பில் ஏற்ற வேண்டும். அப்போதுதான் நீர் மெல்லச் சூடேற, இறைச்சியின் சாறு அதில் நன்கு இறங்கும். மேலே திரளும் நுரையை அகற்றி, சிறு தீயில் ஒன்றரை மணி நேரம் வேகவிடுவோம். இறைச்சியைக் குளிர்ந்த நீரில் இட்டு மெல்லக் கொதிக்கவிடும் முறை, பெல்லெக்ரினோ ஆர்ட்டூசி 1891இல் வெளியிட்ட சமையல் நூலிலும் கூறப்பட்டுள்ளது.

முதல்முறை நாங்கள் அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினோம். கொதிப்பின் வேகத்தில் நுரையும் கொழுப்பும் சாற்றில் கலந்து, சூப் கலங்கிவிட்டது. வருத்தத்துடன் மறுபடியும் தொடங்கினோம்.

காய்களைப் பொடியாக நறுக்கி, எண்ணெயில் சிவக்காமல் வதக்குவோம். இத்தாலியர் இதை ‘சோஃப்ரித்தோ’ என்பர். வடிகட்டிய சாற்றையும், எலும்பு நீக்கிப் பிய்த்த இறைச்சியையும் இதில் சேர்த்துக் கொதிக்கவிட்டு, உப்பும் மிளகும் இடுவோம். பாஸ்தாவை இறுதியில்தான் போட வேண்டும். முன்பே போட்டால் சாற்றை உறிஞ்சிக் குழைந்துவிடும். துருவிய பார்மிஜானோ பாலாடைக்கட்டியைத் தூவிப் பரிமாறலாம்.

ஒரே கோழி ஆறு பேரின் பசியாற்றும். இரண்டாம் முறை கிடைத்த தெளிந்த சூப், பொறுமையும் சமையலுக்கு வேண்டிய பொருளே என்பதை எங்களுக்கு உணர்த்தியது.