ஈஸ்ட் இல்லாத வீட்டு ரொட்டி

ரொட்டி என்றால் கடையில் வாங்கும் பண்டம் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். நெல் விளையும் நாஞ்சில் நாட்டில், கொட்டாரம் போன்ற ஊர்களில், சோறும் இட்லியும் ஆப்பமுமே வீட்டு உணவு. ரொட்டி சுட ஈஸ்ட் வேண்டும், பேக்கரியில் உள்ளது போன்ற அடுப்பு வேண்டும் என்ற எண்ணமும் நம்மைத் தயங்க வைக்கிறது. இவ்விரண்டும் இல்லாமலே நல்ல ரொட்டி சுடலாம். மாவு ஏன் உப்புகிறது என்பதை மட்டும் முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

மாவு உப்புவது ஏன்?

கோதுமை மாவை நீர்விட்டுப் பிசைந்தால் குளூட்டன் என்னும் இழுபடும் புரதம் உண்டாகிறது. மாவினுள் தோன்றும் வாயுவை அது வலைபோல் பிடித்துக்கொள்கிறது. அந்த வாயு ஈஸ்டிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. சப்பாத்தி உப்புவது நீராவியால். இட்லி மாவு பொங்குவது பெரும்பாலும் பாக்டீரியாக்கள் வெளிவிடும் கரியமில வாயுவால். வாயு உண்டாக்கும் பொருள் எதுவும் சேராவிட்டால் அப்பம் தட்டையாகவே இருக்கும். லத்தீன் முறைத் திருப்பலியில் பயன்படும் அப்பம் கோதுமை மாவும் நீரும் மட்டுமே கொண்டது. எகிப்தைவிட்டு விரைந்து புறப்பட்ட இஸ்ரயேல் மக்கள் புளியாத மாவையே சுட்டார்கள் என்று விடுதலைப் பயண நூல் கூறுகிறது.

சோடா வந்த கதை

இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் மருந்துக்கடை வைத்திருந்தவர் ஆல்ஃபிரட் பேர்ட். அவருடைய மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாது. மனைவியும் ரொட்டி உண்ணவேண்டும் என்று 1843 இல் அவர் ஒருவகை பேக்கிங் பவுடரைச் செய்தார். அதே நூற்றாண்டில் அயர்லாந்தின் ஏழைக் குடும்பங்கள் சோடாவும் மோரும் சேர்த்து ரொட்டி சுட்டன. அவர்களிடமும் தனி ரொட்டி அடுப்பு இல்லை. இரும்புச் சட்டியில் மாவை வைத்து, மூடியின்மேல் கனலைப் பரப்பினார்கள். சிரட்டைக் கனல் கிடைக்கும் நம் வீடுகளுக்கும் இம்முறை ஏற்றதே.

தேவையான பொருள்கள்

கோதுமை மாவு 250 கிராம், ஆப்பச் சோடா தலைதட்டி அரைத் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, நன்கு புளித்த கெட்டி மோர் சுமார் 200 மில்லி.

செய்முறை

கனமான பழைய பாத்திரத்தில் இரண்டு விரற்கடை உயரம் மணல் பரப்பி, மூடி, பத்து நிமிடம் சூடேற்றுக. அதற்குள் மாவு, சோடா, உப்பு மூன்றையும் சேர்த்து இருமுறை சலிக்க வேண்டும். மோரை ஊற்றி, கையால் மெதுவாகச் சேர்க்கவும். சப்பாத்தி மாவைப்போல் அழுத்திப் பிசைந்தால் ரொட்டி கடினமாகும். உருண்டையாக்கி, சற்றே தட்டி, மேலே சிலுவை வடிவில் கீறுக. வெப்பம் நடுப்பகுதிவரை செல்ல அக்கீறல் உதவும். நெய் தடவிய தட்டில் வைத்து, தட்டை மணல்மேல் இறக்கி மூடுக. மூடியின்மேல் கனல் பரப்பி, மிதமான தீயில் முக்கால் மணிநேரம் வேகவிடுக. கனல் இல்லாவிட்டால் அரைமணி கழித்து ரொட்டியைத் திருப்பிவிடலாம். அடிப்புறத்தைத் தட்டும்போது வெறும் பெட்டியைத் தட்டுவதுபோல் ஒலித்தால் வெந்துவிட்டது. சூடான மணல் மிகவும் ஆபத்தானது, பாத்திரத்தைச் சாய்க்கலாகாது.

கவனிக்க வேண்டியவை

மோரிலுள்ள லாக்டிக் அமிலமும் சோடாவும் சேர்ந்தவுடனே வாயு வெளிப்படத் தொடங்குகிறது. ஆகவே கலந்த மாவைக் காத்திருக்க வைக்காமல் உடனே அடுப்பில் ஏற்ற வேண்டும். மோர் புளிக்காவிட்டால் வாயு குறையும், சோடா மிஞ்சும். மிஞ்சிய சோடா ரொட்டிக்கு மஞ்சள் நிறத்தையும் சோப்புச் சுவையையும் தரும். ரொட்டி உப்பவில்லையே என்று சோடாவைக் கூட்டாமல், மோரை இன்னும் புளிக்க விடுவதே சரி.

இந்த ரொட்டி மறுநாளே உலர்ந்துவிடும். சுட்ட அன்றே வீட்டார் அனைவரும் பகிர்ந்துண்பது நல்லது. சமையலறையிலும் வேதியியல் பாடம் நடக்கிறது என்பதைத் தங்கைமார் ஒரு விடுமுறை நாளில் செய்து பார்த்தே அறியலாம்.