நம்ம வாக்கு போன வழக்கு

"தாத்தா 1947 தேர்தல்ல வாக்குப் போட்டாராம், அப்பாவுக்கு ஏன் இல்லாமப் போச்சு?" என்று பிள்ளைகள் கேட்பதுண்டு.

1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, இங்கே பிறந்தது மட்டும் போதாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும். லயத்துப் பிள்ளைக்கே பிறப்புப் பத்திரம் இல்லாத காலம், பூட்டனுக்கு எங்கே போவது? 1949 திருத்தத்தோடு, பிரஜை அல்லாதவருக்கு வாக்காளர் இடாப்பில் இடமில்லை என்றாயிற்று.

இதை எதிர்த்து வழக்காடினவர் கோடகன் பிள்ளை. ஒரு சமூகத்தை மட்டும் பாதிக்கிற சட்டம் செய்யக் கூடாதென்று சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு சொல்கிறதே என்பது வாதம். 1951இல் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. 1953இல் லண்டன் பிரிவிக் கவுன்சிலும் தள்ளிவிட்டது: யார் பிரஜை என்று முடிவு செய்வது பாராளுமன்றத்தின் அதிகாரமாம். சட்டத்தில் எந்தச் சமூகத்தின் பேரும் இல்லைதான். அடி யாருக்கு விழுந்தது என்பது நமக்குத் தெரியும்.

அந்தத் தீர்ப்பு மாறவில்லை, சட்டம்தான் மாறியது. 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டப்படி, 30.10.1964 முதல் இங்கே நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினரும், இங்கே வசிக்கும் அவர்களின் வாரிசுகளும் பிரஜைகளே. தோட்டத்தை விட்டுத் திருகோணமலைப் பக்கம் குடியேறியவர்களுக்கும் இது பொருந்தும். இந்தியப் பாஸ்போர்ட் எடுத்திருந்தவர்கள் பிரகடனம் கொடுக்க வேண்டும். பெட்டியடியில் கிடக்கிற பழைய துண்டுக் கடதாசிகளை எறிந்துவிடாதீர்கள்.