நீரிழிவும் நாட்டு மூலிகையும்

கம்போங் ராஜாவைச் சூழ்ந்த தேயிலை மலைகளில் வாழும் நம் குடும்பங்களில் நீரிழிவு என்னும் சர்க்கரை வியாதியை அறியாதார் அரியர். 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோருள் ஏறத்தாழ ஆறு பேருக்கு ஒருவரிடம் இந்நோய் உள்ளது. நோய் கண்டதும் நாம் தேடுவன பாகற்காய்ச் சாறு, வெந்தயம், சிறுகுறிஞ்சான் பொடி, மலாய் மக்கள் 'ஹெம்பெடு பூமி' என்னும் நிலவேம்பு ஆகியன. இவற்றால் பிரயோஜனம் உண்டா? உண்டெனில் எவ்வளவு? சற்று ஆராய்வோம்.

செடியில் மருந்துண்டு என்பது வெறும் நம்பிக்கையன்று. ஐரோப்பாவில் 'கலேகா' என்றொரு செடி உண்டு. அதன் சத்தில் சர்க்கரையைக் குறைக்கும் குணமும் இருந்தது, நஞ்சும் இருந்தது. அச்சத்தின் இனத்தைச் சேர்ந்த மெட்ஃபார்மின் என்னும் மருந்து 1922-இல் ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கப்பட்டது. 1957-இல் பிரெஞ்சு வைத்தியர் ழான் ஸ்டெர்ன் அதனை நீரிழிவுக்குக் கொடுத்துக் கண்ட பலனை வெளியிட்டார். இன்று கிளினிக்கில் நம்மில் பலருக்குக் கிடைக்கும் மாத்திரை இதுவே.

நம் சிறுகுறிஞ்சானும் சாமானியமானதன்று. அதன் இலையை மென்றபின் சர்க்கரையை வாயிலிட்டால் இனிப்பே தெரியாது. 1990-இல் சென்னை ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஆய்வில், 22 நோயாளிகள் தங்கள் மாத்திரையுடன் இதன் இலைச் சத்தையும் நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வீதம் 18 முதல் 20 மாதங்கள் உட்கொண்டனர். இரத்தச் சர்க்கரை குறைந்தது. ஐவர் மாத்திரையை நிறுத்த முடிந்தது. ஆனால் எஞ்சிய 17 பேருக்கு மாத்திரை வேண்டியே இருந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது.

நிற்க. சர்க்கரை பல்லாண்டு மிகுந்திருந்தால் நரம்புகள் கெடும். முதலில் பாதம் எரியும், பின்னர் மரத்துவிடும். பூட்ஸ் அணிந்து மலைச்சரிவில் கொழுந்து பறிப்போருக்கு உள்ளே கிடக்கும் சிறு கல்லும் தெரியாது. புண்ணாகி, அழுகி, காலையே இழந்தோர் உண்டு. 1993-இல் வெளியான அமெரிக்கப் பேராய்வு ஒன்று, இன்சுலினை நம்பி வாழ்வோரிடையே சர்க்கரையைக் கண்டிப்பாக அடக்கியதால் நரம்புக் கேடு ஏறத்தாழ 60 சதவிகிதம் குறைந்ததைக் காட்டிற்று. ஆகவே சர்க்கரையை அடக்குவதே நரம்புக்குக் காவல்.

மிளகாயின் காரச் சத்தைக் கொண்ட ஒட்டு மருந்தைப் பாத நரம்பு வலிக்கு 2020-இல் அமெரிக்கா அங்கீகரித்தது. அது வலியைத் தணிக்குமேயன்றி நரம்பைப் புதுப்பிக்காது. வீட்டில் மிளகாயை அரைத்து மரத்த காலில் பூசுவது பெருந்தவறு. தோல் வெந்தாலும் நமக்குத் தெரியாது.

ஆதலின் நாம் செய்யத்தக்கவை இவை: வைத்தியரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்தலாகாது. மூலிகை உட்கொள்வதை அவரிடம் மறைத்தலும் ஆகாது. இரண்டும் சேர்ந்து சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கக்கூடும். நடுக்கமும் வியர்வையும் கண்டால் உடனே சர்க்கரைத் தண்ணீர் பருக வேண்டும். மெட்ஃபார்மினை நெடுநாள் உண்போருக்கு பி-12 வைட்டமின் குறைந்தும் கால் மரக்கலாம். அதற்கான இரத்தப் பரிசோதனையைக் கேட்டுப் பெறுக. இரவுதோறும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். காலையில் பூட்ஸைத் தட்டி உதறி அணிய வேண்டும். தேநீரில் கெட்டிப்பாலைக் குறைப்பதும் மருந்தே.

மூலிகை துணையாக இருக்கட்டும். மாத்திரையின் இடத்தை அது பறிக்க வேண்டாம். புண் முற்றியபின் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு மலைவழியே ஓடுவதினும், இன்றிரவே விளக்கடியில் அமர்ந்து நம் பாதத்தை நாமே பார்ப்பது எளிதன்றோ!